இடைத்தோற்படை: பட்டியலைப் பாடமாக்கினால் போதுமா?

மல்லாவி_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில உயிரியல் படிக்கிறன். விலங்கு முளையத்தில மூன்று மூலவுயிர்ப்படை, அதாவது உறுப்புகள் உருவாகிற கலப்படை, இருக்கு எண்டு படிச்சம். புறத்தோற்படை, அகத்தோற்படை ரெண்டும் ஓரளவு விளங்குது. வெளியில நிக்கிறது மேற்றோலாகவும் மூளை, முண்ணாணாகவும் வருது. உள்ளுக்க நிக்கிறது குடலின்ர உட்போர்வையாகுது. நடுவில உள்ள இடைத்தோற்படையிலதான் மாட்டுப்பட்டு நிக்கிறன். தசை, என்பு, இதயம், குருதி, சிறுநீரகம், விதை, சூலகம் எண்டு கொப்பியில நீளப் பட்டியல் கிடக்கு. இதயத்துக்கும் முள்ளந்தண்டுக்கும் என்ன சம்பந்தம்? குருதிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரே படையிலயிருந்து இவ்வளவு வித்தியாசமான உறுப்புகள் எப்பிடி வருது? பாடமாக்கினால் கொஞ்ச நாளில மறந்துபோகுது. ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

கிளிநொச்சி_ரியூசன்

தங்கச்சி, சோதனைக்கு நாள் கிட்டுது. இந்த அலகில வாற கேள்வி பெரும்பாலும் “பின்வருவனவற்றுள் இடைத்தோற்படையிலிருந்து உருவாவது எது” எண்டுதான் இருக்கும். பட்டியல் தெரிஞ்ச பிள்ளை விடையைப் போட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும். ஏன் எண்டு யோசிக்கப் பிறகு காலம் இருக்கு. நான் படிப்பிக்கிற பிள்ளைகளிட்ட ஒவ்வொரு நாளும் படுக்கமுதல் ஒருக்கா எழுதிப் பார்க்கச் சொல்லுறனான். தூர இடங்களிலயிருந்து பஸ் ஏறி வாற பிள்ளைகளுக்கு நேரம் எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியும்.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்

சேர் சொல்வதில் உள்ள அக்கறை விளங்குகிறது. ஆனால் இந்தப் பட்டியல் மறந்துபோவதற்குக் காரணமே அது வெறும் பட்டியலாக இருப்பதுதான். பிள்ளை, கொப்பியை ஒரு பக்கம் வையுங்கோ. அந்தப் படை எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்பம்.

மனித முளையத்தை எடுப்பம். கருக்கட்டி இரண்டாவது கிழமை முடிகிறபோது அது மேலொன்று கீழொன்றாக இரண்டே படை கொண்ட ஒரு சின்னத் தட்டு. ஏறக்குறைய 15ஆம் நாளில் மேல்படையின் பின்பாதியில், நடுக்கோட்டில், ஒரு கீறு தெரியத் தொடங்கும். அதை முதற்கீறு என்பம். மேல்படைக் கலங்கள் அந்தக் கீறை நோக்கி நகர்ந்துவரும். வந்து, பக்கத்துக் கலங்களோடு இருந்த பிடிப்பை விட்டு, உருவம் மாறி, கீறுக்குள்ளால் கீழே இறங்கும். முதலில் இறங்குகிறவை கீழ்ப்படையை விலக்கிவிட்டு அந்த இடத்தில் அகத்தோற்படையாகும். அடுத்து இறங்குகிறவை மேலுக்கும் கீழுக்கும் நடுவில் பரவும். அவைதான் இடைத்தோற்படை. இறங்காமல் மேலேயே நின்றவை புறத்தோற்படை. ஆகவே மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வரவில்லை. மூன்றுக்கும் மூலம் அந்த ஒரே மேல்படைதான். எந்தக் கலம் எப்போது இறங்கியது, எவ்வளவு தூரம் போனது என்பதில்தான் வித்தியாசம் பிறக்கிறது.

இடைத்தோற்படை தட்டு முழுவதும் பரவும்போது இரண்டு சின்ன இடங்களை மட்டும் விட்டுவிடும். ஒன்று தலைப்பக்கம், மற்றது வாற்பக்கம். அங்கே புறத்தோற்படையும் அகத்தோற்படையும் நேரே ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் அந்த இரண்டு இடங்களும் திறந்து ஒன்று வாயாகும், மற்றது கழிவு வெளியேறும் வழியாகும். இதைப் படிப்பிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். நடுவில் யாரும் வராத இடத்தில்தான் உடல் வெளியுலகத்துக்குத் திறக்கிறது!

இனி உங்கட கேள்வி. இதயம், என்பு, குருதி, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் என்ன உறவு? புறத்தோற்படை வெளியுலகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அகத்தோற்படை உணவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நடுவில் உள்ள கலங்களுக்கு இரண்டும் கிடையாது. உள்ளே தடிப்பாக ஒரு உடல் வேண்டுமென்றால் அதைத் தாங்க என்பு வேண்டும், அசைக்கத் தசை வேண்டும். உள்ளே கிடக்கிற ஒவ்வொரு கலத்துக்கும் ஒட்சிசனும் உணவும் கொண்டுபோகக் குருதியும், அதைத் தள்ள இதயமும் வேண்டும். அங்கே சேருகிற கழிவை அகற்றச் சிறுநீரகம் வேண்டும். உங்கட பட்டியலை இப்ப திரும்பப் பாருங்கோ. தடித்த உடலொன்று உயிரோடு இருக்கத் தேவையான வேலைகள்தான் அதில் பெரும்பகுதி.

வட்டுவாகல்

ரீச்சர், அப்ப நடுப்படை இல்லாத பிராணி எப்பிடிச் சீவிக்குது? நாங்கள் முல்லைத்தீவுக் கரையில ஜெலி மீன் நிறையக் காணுறனாங்கள். சில காலத்தில வலை முழுக்க அதுதான். கையில எடுத்தால் நல்ல மொத்தமாத்தானே இருக்கு? அதுக்கு நடுப்படை இல்லை எண்டு பள்ளிக்கூடத்தில படிச்ச ஞாபகம்.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. ஜெலி மீன் இருபடை விலங்கு. அந்த மொத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர் நிறைந்த பசை. அதில் உயிருள்ள கலங்கள் மிகக் குறைவு. வேலை செய்கிற கலங்கள் எல்லாம் வெளிப்பக்கத்திலோ உள்வயிற்றுப் பக்கத்திலோ மெல்லிய படையாக இருக்கும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில். அதனால் இதயமும் குருதியும் இல்லாமலே ஒட்சிசன் போய்ச் சேரும். சுருங்கி விரிந்து நீந்துகிறதே என்றால், அந்தச் சுருக்கம் படைக் கலங்களிலேயே உள்ள தசை இழைகளால் நடக்கிறது.

அடுத்த படி தட்டைப்புழு. அதற்கு இடைத்தோற்படை உண்டு, ஆனால் உடற்குழியும் இல்லை, குருதியோட்டமும் இல்லை. ஆகவே அது தட்டையாகத்தான் இருக்க முடியும். தடித்தால் நடுவில் உள்ள கலங்களுக்கு ஒட்சிசன் போகாது. மண்புழுவில் இடைத்தோற்படைக்குள்ளேயே ஒரு குழி பிளந்துவிடுகிறது. அதுதான் உண்மை உடற்குழி. குழி வந்தவுடன் குடல் தன்பாட்டில் அசையலாம், உடற்சுவர் தன்பாட்டில் அசையலாம். மழை விட்ட பிறகு வரம்பில் ஒரு மண்புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது விளங்கும்.

அறிவியல்நகர்

நான் இங்க விவசாயபீடத்தில படிக்கிறன். கோழி பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். ஏனெண்டால் மூன்று படை எண்ட கதையே கோழி முட்டையிலதான் தொடங்கினது. 1817இல கிறிஸ்தியான் பாண்டர் எண்டவர் ஜேர்மனியில வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில கோழி முளையத்தை நாளுக்கு நாள் திறந்து பார்த்து மூன்று படையை விவரிச்சார். பிறகு அவரின்ர நண்பர் கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேயர், 1828இல வெளிவந்த ஆய்வில, முள்ளந்தண்டுள்ள மற்ற விலங்குகளிலயும் இதே அடிப்படை இருக்கெண்டு காட்டினார். அண்டைக்கு நிறமூட்டிகளும் இல்லை, நல்ல நுணுக்குக்காட்டியும் இல்லை. முட்டையும் பொறுமையும் மட்டும்தான் இருந்தது.

அடைக்கருவியில 37.5 பாகைக்குக் கிட்ட வைச்சால், ஏறக்குறைய 18 மணித்தியாலத்தில முதற்கீறு முழு நீளத்துக்கு வந்திடும். முதல் நாள் முடியேக்கை முதுகுநாணின்ர (முளையத்தின்ர நடுக்கோட்டில ஓடுற மெல்லிய தண்டு, முண்ணாண் இல்லை) ரெண்டு பக்கமும் இடைத்தோற்படை துண்டு துண்டாப் பிரியத் தொடங்கும். அதுதான் உடற்றுண்டம். கோழியில ஏறக்குறைய 90 நிமிசத்துக்கு ஒரு சோடி. முன்னாலயிருந்து பின்னால ஒழுங்கா வரும். இந்த நேரம் இனத்துக்கு இனம் மாறும். சீப்ரா மீனில அரை மணித்தியாலம், சுண்டெலியில ரெண்டு மணித்தியாலம், மனிசரில நாலு அஞ்சு மணித்தியாலம். ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் சில ஜீன்கள் முறைவைச்சு இயங்கி நிண்டு திரும்ப இயங்குதாம். அந்தச் சுற்று ஒண்டு முடியிற நேரம்தான் ஒரு சோடி பிரியிற நேரம். ரெண்டாவது நாளுக்குள்ள இதயம் துடிக்கும். நாலாம் நாள் இருட்டில முட்டைக்குப் பின்னால வெளிச்சம் பிடிச்சால், இதயத்திலயிருந்து பரவுற குருதிக்கலன்கள் சிவப்பாத் தெரியும். 21ஆம் நாள் குஞ்சு.

தங்கச்சி, உங்கட பள்ளிக்கூடத்தில அடைவைக்கிற முட்டை எடுக்கலாம் எண்டால் ஒருக்கா வெளிச்சம் பிடிச்சுப் பாருங்கோ. நீங்கள் காணுற அந்தச் சிவப்பு முழுக்க இடைத்தோற்படைதான்.

மல்லாவி_மாணவி

ரீச்சர், அண்ணை, நன்றி. “ஏன்” எண்டது விளங்கீட்டுது. ஆனால் “எப்பிடி” விளங்கேல்லை. இடைத்தோற்படை ஒரே படைதானே? அதில ஒரு கலம் தான் சிறுநீரகமாக வேணும் எண்டு எப்பிடி அறியும்? பக்கத்துக் கலம் ஏன் தசையாகுது?

மாங்குளத்தான்

யாழ்ப்பாண மருத்துவபீடத்தில படிக்கிறன். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதிப் பார்க்கிறன். ரீச்சர் திருத்தட்டும்.

கலம் கீறுக்குள்ள எந்த இடத்தால இறங்குது எண்டதிலதான் முதல் முடிவு இருக்கு. கீறின் முன்நுனியால இறங்கினவை நேரே நடுக்கோட்டில போய் முதுகுநாணாகும். அதுக்குச் சற்றுப் பின்னால இறங்கினவை முதுகுநாணுக்குப் பக்கத்தில நிண்டு உடற்றுண்டங்களாகும். இன்னும் பின்னால இறங்கினவை வெளிப்பக்கமாப் போகும். கடைசிப் பகுதியால போனவை முளையத்துக்கு வெளியில, சூல்வித்தகத்துக்கும் மஞ்சட்கருப் பைக்கும் போகும். இப்ப குறுக்கு வெட்டில பாருங்கோ. நடுவில முதுகுநாண். அதுக்கு அடுத்து உடற்றுண்டம். அடுத்தது இடைப்பட்ட ஒரு ஒடுக்கமான பட்டை. கடைசியில ஓரத்தட்டு.

உடற்றுண்டத்திலயிருந்து முள்ளந்தண்டு, விலா என்பு, உடம்பின்ர வன்கூட்டுத் தசை, முதுகுத் தோலின்ர உட்படை. ஒடுக்கமான பட்டையிலயிருந்து சிறுநீரகமும் இனப்பெருக்கத் தொகுதியின்ர பெரும்பகுதியும். ஓரத்தட்டு ரெண்டாப் பிளக்கும். நடுவில வாறதுதான் உடற்குழி. வெளித்தட்டு உடற்சுவர்ப் பக்கம் போய்க் கை கால் என்புகளைத் தரும். உள்தட்டு குடலைச் சுத்திக்கொண்டு இதயம், குருதிக்கலன், குடற்சுவர்த் தசை எல்லாம் தரும்.

கலம் தன்ர இடத்தை அறியிறது சமிக்ஞைப் புரதங்களால. பிஎம்பி எண்டொரு புரதம் ஓரத்தில கூடவும் நடுக்கோட்டில குறையவும் இருக்கும். நடுக்கோட்டுப் பக்கம் அதைக் கட்டுப்படுத்துற வேறு புரதங்கள் சுரக்குது. இரணைமடு வாய்க்காலில தலைமாட்டு வயலுக்கு வாற தண்ணிக்கும் கடைமாட்டு வயலுக்கு வாற தண்ணிக்கும் வித்தியாசம் இருக்குத்தானே? தண்ணி ஒண்டுதான், அளவுதான் வேற. அந்த அளவைப் பார்த்து விதைப்பு மாறுது. இங்கயும் பிஎம்பி குறைவா வாற இடம் உடற்றுண்டம், நடுத்தர அளவு சிறுநீரகப் பட்டை, கூட வாற இடம் ஓரத்தட்டு. கோழி முளையத்தில பிஎம்பி அளவைக் கூட்டிப் பார்த்தவை. உடற்றுண்டமாக வேண்டிய இடைத்தோற்படை ஓரத்தட்டின் குணத்துக்கு மாறினது.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்

தம்பி, திருத்த ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இடைத்தோற்படை என்ற படையே பக்கத்துக் கலங்களின் சொற்கேட்டுத்தான் வருகிறது. இதை 1969இல் பீட்டர் நியூக்கூப் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் ஈரூடக வாழி முளையத்தில் காட்டினார். முளையத்தின் மேல்முனைத் துண்டை மட்டும் தனியாக வளர்த்தால் அது வெறும் மேற்றோல் மாதிரியான கலங்களைத் தரும். மஞ்சட்கரு நிறைந்த கீழ்முனைத் துண்டைத் தனியாக வைத்தால் அகத்தோற்படைதான். இரண்டையும் ஒட்டவைத்தால் மேல்துண்டிலிருந்து தசையும் குருதியும் முதுகுநாணும் வந்தன! இரண்டிலும் தனியாக இல்லாத ஒன்று, சேர்ந்தபோது வந்தது. கீழ்முனைக் கலங்கள் சுரக்கிற நோடல் வகைப் புரதங்கள்தான் அந்தச் செய்தியைக் கொண்டுபோகின்றன என்று பின்னால் தெரியவந்தது.

அதற்கும் முன்னால் 1924இல் ஹில்டே மங்கோல்ட் என்ற இளம் பெண்ணும் அவருடைய பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பேமனும் வெளியிட்ட சோதனை இருக்கிறது. நியூட் என்பது வாலுள்ள ஒரு ஈரூடக வாழி. நிறம் வேறான இரண்டு நியூட் இனங்களை எடுத்தார்கள். ஒன்றின் முளையத்தில் இடைத்தோற்படை உள்ளே இறங்கத் தொடங்குகிற உதட்டுப் பகுதியை வெட்டி மற்றதன் வயிற்றுப்பக்கம் வைத்தார்கள். அங்கே இரண்டாவது முதுகும், பின்னால் மூளையும் முண்ணாணும் ஆகிற நரம்புக்குழாயும் கொண்ட இன்னொரு முளையம் உருவானது. நிறத்தைப் பார்த்தபோது அந்த இரண்டாவது முளையத்தின் பெரும்பகுதி துண்டை ஏற்றுக்கொண்ட முளையத்தின் கலங்களே என்று தெரிந்தது. வெட்டிவைத்த துண்டு அவற்றை ஒழுங்குபடுத்தி வழிநடத்தியிருக்கிறது. அதே ஆண்டில் ஹில்டே மங்கோல்ட் வீட்டில் ஏற்பட்ட தீவிபத்தில் இறந்துபோனார். 1935இல் நோபல் பரிசு ஸ்பேமனுக்கு வந்தது. நான் வகுப்பில் ஹில்டேயின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை. முன்வாங்கில் இருக்கிற பெண்பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நெடுங்கேணி_அக்கா

நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்யிறன். நீங்கள் எழுதுறதை வாசிச்சுக்கொண்டு வாறன். 15ஆம் நாள் எண்டு ரீச்சர் சொன்னதில எங்கட ஆக்கள் கவனிக்கவேண்டிய விசயம் ஒண்டு இருக்கு.

கிளினிக்கில நாங்கள் கிழமைக் கணக்கைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலயிருந்து எடுக்கிறம். நீங்கள் சொல்லுற முளையவியல் கணக்கு கருக்கட்டின நாளிலயிருந்து. ரெண்டுக்கும் ஏறக்குறைய ரெண்டு கிழமை வித்தியாசம். அப்ப உங்கட 15ஆம் நாள் எண்டது எங்கட கணக்கில நாலு கிழமை கடந்த நேரம். மாதவிடாய் தள்ளிப்போற அதே கிழமை. தாய்க்குத் தான் கர்ப்பிணி எண்டு தெரியிறதுக்கு முன்னமே இடைத்தோற்படை இறங்கத் தொடங்கீடும். 22ஆம் நாளளவில இதயம் துடிக்கத் தொடங்குது. எங்கட கணக்கில அது அஞ்சு கிழமை. எட்டுக் கிழமைக்குள்ள பதியுங்கோ எண்டு நாங்கள் வீடு வீடாப் போய்ச் சொல்லுறம். அந்த எட்டாம் கிழமையில இதயத்தின்ர அறைகள் பிரிஞ்சுகொண்டு நிக்கும்.

அதாலதான் கலியாணம் முடிச்ச உடனேயே, பிள்ளை தங்கிறதுக்கு முன்னமே, போலிக் அமிலம் தொடங்கச் சொல்லுறம். அது முக்கியமாக் காக்கிறது நரம்புக்குழாயை. கருக்கட்டி 28ஆம் நாளுக்குள்ள அந்தக் குழாய் மூடவேணும். சீனி வருத்தம் உள்ள பெண்கள் இன்னும் கவனமா இருக்கவேணும். கர்ப்பம் தரிக்கேக்கை சீனி கட்டுப்பாட்டில இல்லாட்டி பிள்ளையின்ர இதயத்திலயும் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலயும் குறை வாற சாத்தியம் கூடுது. ரெண்டும் நீங்கள் கதைக்கிற நடுப்படை உறுப்புகள்தான். பிறகு வந்து மருந்து எடுத்தால் சீனி இறங்கும். ஆனால் அந்தக் கிழமைகள் திரும்பி வராது. தங்கச்சிமார் ஆராவது இதை வாசிச்சால், திட்டம் போடேக்கையே சீனி பார்த்துக்கொள்ளுங்கோ.

செட்டிகுளத்தான்

நான் படிச்சது சாதாரணதரம் வரைக்கும்தான். அப்பாவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் பழுது. வயல் செய்த மனுசன். இப்ப கிழமை தவறாமல் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோறம். எங்கட பக்கத்தில ஒரு ஒழுங்கையிலயே கனபேருக்கு இது இருக்கு. ஈரல் வெட்டினாலும் திரும்ப வளரும் எண்டு சொல்லுகினம். ஏன் சிறுநீரகம் அப்பிடி வளராதாம்? நடுப்படையில ஏதும் மிச்சம் இருக்காதோ?

மாங்குளத்தான்

அண்ணை, அப்பாவைக் கவனமாப் பாருங்கோ. நீங்கள் கேட்டது பெரிய கேள்வி. மிச்சம் இருக்கோ எண்ட உங்கட சொல்லிலயே பதில் இருக்கு.

சிறுநீரகம் ஒரே தரத்தில வாறதில்லை. முளையத்தில முதல் ஒண்டு நாலாம் கிழமையில கழுத்துப் பக்கம் தோன்றி அழியுது. பிறகு அதுக்குக் கீழ ரெண்டாவது. அது கொஞ்சக் காலம் வேலையும் செய்யும். பிறகு அதுவும் அழியும். ஆண்களில அதின்ர குழாய் மட்டும் மிஞ்சி விந்து கொண்டுபோற கானாகுது. அஞ்சாம் கிழமையில இடுப்புக்குழிப் பக்கம் மூன்றாவது தொடங்குது. நாங்கள் சாகும்வரை வைச்சிருக்கிறது அதைத்தான். அங்கயிருந்து மேல ஏறி விலா என்புக்குக் கீழ வந்து நிக்குது.

அந்த மூன்றாவது சிறுநீரகத்தில ரெண்டு பங்காளிகள். ஒண்டு பழைய குழாயிலயிருந்து முளைக்கிற அரும்பு. மற்றது அதைச் சுத்தி நிக்கிற இடைத்தோற்படைக் கலத்திரள். திரள் ஒரு புரதத்தைச் சுரந்து அரும்பை இழுக்குது. அரும்பு உள்ள வந்து கிளைவிடுது. ஒவ்வொரு கிளை நுனியும் பக்கத்தில நிக்கிற கலங்களைச் சிறுநீரகத்தியாக மாறச் சொல்லுது. சிறுநீரகத்தி எண்டது இரத்தத்தை வடிக்கிற நுண்ணிய அலகு. ஒண்டை விட்டால் மற்றது வளராது. ஒரு பங்காளி வராட்டி அந்தப் பக்கம் சிறுநீரகமே இல்லை.

இப்ப உங்கட கேள்வி. அந்தத் திரளில ஒரு பங்கு கலங்கள் மாறாமல் நிண்டு பெருகி அடுத்த கிளைக்குக் கலம் குடுத்துக்கொண்டிருக்கும். அக்கா சொன்ன கிளினிக் கணக்கில 36ஆம் கிழமையளவில கடைசித் தொகுதியும் சிறுநீரகத்தியா மாறீடும். சேமிப்பு முடியுது. அதுக்குப் பிறகு மனிசருக்குப் புதுசா ஒரு சிறுநீரகத்தியும் பிறக்காது. ஈரலில அப்பிடி இல்லை. ஈரற் கலங்களே பிரிஞ்சு திரும்பப் பெருகும். சிறுநீரகத்தில காயப்பட்ட குழாய்ச் சுவர் ஓரளவு தன்னைத் திருத்தும். ஆனால் முழு அலகு போனால் போனதுதான். மிச்சம் உள்ளவை பெருத்து அதின்ர வேலையையும் செய்யும்.

கிளிநொச்சி_ரியூசன்

ஒரு சிறுநீரகத்தில ஏறக்குறைய பத்து லட்சம் எண்டு நாங்கள் படிப்பிக்கிறம். அது எல்லாருக்கும் ஒண்டோ?

மாங்குளத்தான்

இல்லை சேர். அது சராசரி. எண்ணிப் பார்த்த ஆய்வுகளில 2 லட்சம் அளவிலயிருந்து 20 லட்சத்துக்கு மேல வரைக்கும் இருக்கு. நிறை குறைஞ்சு பிறக்கிற பிள்ளைகளுக்கும், காலத்துக்கு முந்திப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் சராசரியாக் குறைவு. 1988இல பிரென்னர் எண்ட சிறுநீரக மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு கருத்தை முன்வைச்சவை. பிறக்கேக்கை சிறுநீரகத்தி குறைவா இருந்தால், பின்னால உயர் குருதியமுக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் வாற சாத்தியம் கூடும் எண்டு. பிறகு வந்த கனக்க ஆய்வுகள் அதுக்குப் பக்கபலமா நிக்குது.

செட்டிகுளத்தான்

அப்ப எங்கட பக்கத்து வருத்தம் பிறப்பிலயே வந்ததோ? தண்ணியில பிழை இல்லையோ?

மாங்குளத்தான்

அப்பிடி எடுத்துக்கொள்ளாதேங்கோ அண்ணை. இதை நான் அழுத்திச் சொல்லவேணும். சீனியும் இல்லாமல், பிரஷரும் இல்லாமல், விவசாயிகளுக்கு வாற இந்த நீண்டகாலச் சிறுநீரக நோய் 1990களில வடமத்திய மாகாணத்தில அடையாளம் காணப்பட்டது. எங்கட வவுனியாப் பக்கத்திலயும் இருக்கு. காரணம் இதுதான் எண்டு விஞ்ஞானம் இன்னும் அறுதியிடேல்லை. கிணத்துத் தண்ணியின்ர வன்மையும் புளோரைட்டும், வெயிலில தண்ணி குடியாமல் வேலை செய்யிறது, விவசாய இரசாயனம் எல்லாம் ஆய்வில இருக்கு. பிறக்கேக்கை கிடைச்ச எண்ணிக்கை ஒரு கையிருப்பு. அது கூடவோ குறையவோ இருக்கலாம். அதைக் கரைக்கிற காரணத்தைத் தேடாமல் கையிருப்பில பழி போட ஏலாது. நல்ல தண்ணி கேட்கிறதை நிப்பாட்டாதேங்கோ. பெரியாக்களை வருசத்துக்கு ஒருக்காவாவது குருதியும் சிறுநீரும் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ. இந்த வருத்தம் தொடக்கத்தில வெளியில தெரியாது.

நெடுங்கேணி_அக்கா

தம்பி சொன்ன 36ஆம் கிழமையை எங்கட தாய்மாருக்கும் சொல்லவேணும். கடைசி மூன்று மாதத்தில ஏன் நிறை பார்க்கிறம், ஏன் திரிபோசாச் சத்துமா குடுக்கிறம் எண்டு கேட்கிறவை. சிறுநீரகத்திகளில பெரும்பங்கு அந்த மாதங்களிலதான் உருவாகுதாம். வயிற்றுப்பிள்ளையின்ர நிறைக்குப் பின்னால இப்பிடியொரு கணக்கு இருக்கெண்டு தெரிஞ்சால் ஆரும் பைக்கற்றை வீட்டில மற்றப் பிள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுக்காமல் தாங்கள் சாப்பிடுவினம்.

மல்லாவி_மாணவி

செட்டிகுளத்து அண்ணை, அப்பாவுக்குச் சுகம் வரவேணும்.

நான் ரெண்டு பேரும் சொன்னதை வைச்சுக் கொப்பியில திரும்ப எழுதினன். ஒரு இடத்தில குழம்பீட்டன். கை கால் என்பு ஓரத்தட்டிலயிருந்து வருது எண்டால், அதில ஒட்டியிருக்கிற தசையும் ஓரத்தட்டோ? அடுத்தது, முகத்து என்பும் இடைத்தோற்படையோ? ஒரு வினாத்தாளில “என்பு எல்லாம் இடைத்தோற்படை” எண்டு போட்டிருந்தது.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்

இரண்டும் அருமையான கேள்விகள். கை கால் தசை உடற்றுண்டத்திலிருந்து வருகிறது. உடற்றுண்டத்தின் ஓரத்துக் கலங்கள் கழன்று, வளர்ந்துகொண்டிருக்கிற கை அரும்புக்குள் நடந்து போகின்றன. இதை எப்படிக் கண்டார்கள் தெரியுமா? நிக்கோல் லெ துவாரன் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி, காடையின் கலங்களைக் கோழியின் கலங்களிலிருந்து நுணுக்குக்காட்டியில் பிரித்தறியலாம் என்று 1969இல் கண்டுபிடித்தார். காடையின் கருவில் ஒரு அடர்ந்த புள்ளி தெரியும். அந்த வழியைப் பயன்படுத்திப் பின்வந்தவர்கள் காடை உடற்றுண்டத்தைக் கோழி முளையத்தில் வைத்தார்கள். சிறகின் தசையில் காடைக் கலம், என்பில் கோழிக் கலம்! கையை மடக்கிப் பாருங்கோ. இழுக்கிற தசையும் இழுபடுகிற என்பும் முளையத்தில் வேறு வேறு இடத்தில் பிறந்து, கையில் சந்தித்தவை.

முகத்து என்பின் பெரும்பகுதி இடைத்தோற்படை இல்லை. நரம்புக்குழாய் மூடுகிறபோது அதன் விளிம்பிலிருந்து கழன்று போகிற நரம்பு முகட்டுக் கலங்கள் தாடையையும் முகத்தின் முன்பகுதியையும் ஆக்குகின்றன. அவற்றின் மூலம் புறத்தோற்படை. பல்லின் உட்பகுதியும் அவைதான். ஆகவே “எல்லாம்” என்ற சொல் அந்த வினாவில் இருக்கக்கூடாது.

கிளிநொச்சி_ரியூசன்

ரீச்சர், விடைத்திட்டத்தில “என்பு: இடைத்தோற்படை” எண்டு இருந்தால் பிள்ளை அதைத்தான் எழுதவேணும், இல்லாட்டிப் புள்ளி போயிடும். அதில நான் மாறேல்லை. ஆனால் பட்டியலை இனி நான் வேற மாதிரிக் குடுக்கப்போறன். நடுக்கோடு, உடற்றுண்டம், இடைப்பட்ட பட்டை, ஓரத்தட்டு எண்டு நாலு நிரல் கீறி, பிள்ளைகளையே உறுப்புகளை நிரப்பச் சொல்லப்போறன். முதுகுநாண் நிரலில வயது வந்தவரில என்ன மிஞ்சும் எண்டு கேட்டால் என்ன எழுதிறது?

மாங்குளத்தான்

முள்ளந்தண்டென்புகளுக்கு நடுவில இருக்கிற வட்டத்தட்டின்ர மெத்தென்ற மையம் சேர். மூட்டை தூக்கிற ஆக்களுக்கு “டிஸ்க் விலகீட்டுது” எண்டு சொல்லுறது அந்த மையம் வெளித்தள்ளுறதைத்தான்.

மல்லாவி_மாணவி

சேர், நாலு நிரலும் கீறி நிரப்பீட்டன். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அதிரீனற் சுரப்பியை எங்க போடுறது? ஒரு புத்தகத்தில இடைத்தோற்படை எண்டும் மற்றதில புறத்தோற்படை எண்டும் கிடக்கு.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்

இரண்டு புத்தகமும் பாதிப் பாதி சொல்கின்றன பிள்ளை. வெளிப்பட்டை இடைத்தோற்படை. இனப்பெருக்க அங்கம் தோன்றுகிற முகட்டுக்குப் பக்கத்தில், உடற்குழியின் போர்வைக் கலங்களிலிருந்து வருகிறது. கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரப்பது அது. உள்மையம் நரம்பு முகட்டுக் கலங்கள். அவை பிறகு உள்ளே புகுந்து குடியேறி அதிரீனலின் சுரக்கின்றன. உங்கட நிரலில் வெளிப்பட்டையை இடைப்பட்ட பட்டைக்குப் பக்கத்தில் எழுதுங்கோ. உள்மையத்துக்கு வெளியே தனியாக ஒரு பெட்டி கீறுங்கோ. தாடையையும் பல்லின் உட்பகுதியையும் அதே பெட்டிக்குள் போடலாம்.